கோத்தகிரில வீடு வாங்கப் போய் துவைக்கிற கல்லுல மாட்டுன கதை

கனடாவுல இருந்து மூணு வாரம் லீவுல வந்திருந்தேன். அதுல ஆறு நாள் ஒரு கல்லுக்கே போச்சு.

அம்மாவுக்கு மேட்டுப்பாளையம் வெயில் ஒத்துக்கல, நாங்க பொறந்து வளந்த மலைக்கே திரும்பிப் போயிடலாம்னு கோத்தகிரி பக்கம் அஞ்சேகால் செண்ட்ல ஒரு பழைய ஓட்டு வீடு பாத்து வச்சிருந்தாங்க, பின்னாடி பேரிக்கா மரம், வாசல்ல நின்னா கீழ தேயிலை பேக்டரி வாசம் வரும், அதுலயே நான் பாதி விழுந்துட்டேன். பத்திரம், தாய்ப்பத்திரம், 30 வருஷ வில்லங்கம், பட்டா, வீட்டு வரி ரசீது எல்லாம் கோயம்புத்தூர் லாயர் பாத்து ஓகே சொல்லிட்டார், அதப்பத்தி எழுத ஒண்ணுமில்ல.

இதுக்கு முன்னாடி தேயிலையோட சேத்து ஒரு வீடு வந்துச்சு. லாயர் மொதல் போன்லயே வெட்டிட்டார். வெளிநாட்ல இருக்குறவங்க விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு காசு குடுத்து வாங்க முடியாது, பெமாங்கிற அந்நியச் செலாவணி சட்டத்துல தடை, அப்பா தாத்தா வழில வந்தா வச்சுக்கலாம், அவ்ளோதான். புரோக்கர் விடல, "மச்சான் பேர்ல போட்டுக்கலாம் சார்"ங்கிறார். அதுக்குப் பேரு பினாமின்னேன். சிரிச்சுக்கிட்டே டீ வாங்கிக் குடுத்தார்.

சரி, கல்லுக்கு வரேன். எங்க மாமா கட்டட மேஸ்திரியா இருந்தவர், அவர்தான் "மலைல பேப்பர நம்பி வாங்காத மாப்ள, அத்து, அதான் எல்லை, காட்டச் சொல்லி சர்வேயர கூட்டிட்டு வந்து அள"ன்னார். ஆன்லைன்ல பணம் கட்டியாச்சு. மொத தேதி மழை. ரெண்டாவது தேதி சர்வேயருக்கு வேற டூட்டி, அத நாங்க வழில நின்னு ஒன்றரை மணி நேரம் காத்திருந்த பிறகுதான் சொன்னாங்க. மிஸ்ஸிஸாகால நான் வீடு வாங்குனப்ப ஹோம் இன்ஸ்பெக்டர் பத்து மணின்னா பத்து மணிக்கு வந்து, அட்டிக் வரைக்கும் ஏறி இறங்கி, அன்னைக்கு ராத்திரியே போட்டோவோட ரிப்போர்ட் அனுப்பிட்டான். இங்க மூணாவது தேதிக்கு சர்வேயர் வந்தப்ப பத்தடி தள்ளி நிக்கிற ஆள் தெரியாத மூடுபனி.

ஆனா மனுஷன் வேலை தெரிஞ்சவர், அத ஒத்துக்கணும். எஃப்எம்பி, அதாவது நில அளவை வரைபடக் காப்பிய பிளாஸ்டிக் கவர்ல போட்டு வச்சுக்கிட்டு, மொத எல்லைக் கல்ல பேரிக்கா மர வேர்ல, ரெண்டாவத தடுப்புச்சுவர் ஓரத்துல, மூணாவத முட்டைகோஸ் பாத்தி நடுவுல காமிச்சிட்டார். நாலாவது கல்லு, தென்கிழக்கு மூலை, இல்ல. மத்த கல்லுங்கள்ல இருந்து டேப் பிடிச்சா ரோட்டுல இருந்து வீட்டுக்கு ஏறுற படிக்கட்டுல வந்து நிக்குது. மண்வெட்டி வச்சு நோண்டியும் ஒண்ணும் சிக்கல. அப்படியே சுத்திப் பாத்தவர், கீழ் வீட்டுப் பாட்டி கொழாயடில துணி துவைச்சிட்டு இருக்குறதப் பாத்துட்டு மெதுவா இறங்கிப் போய், "பாட்டி, ஒரு நிமிஷம்"னு அந்த சோப்பு நுரை மேல ஒரு சொம்பு தண்ணி ஊத்துனார். கருங்கல்லு. மேல தேஞ்சுபோன கூட்டல் குறி.

"அது எங்க மாமனார் காலத்துல இருந்து இங்கதான் கெடக்கு கண்ணு, மேல சும்மா கெடந்துச்சு, நல்ல கல்லுன்னு கொஞ்சம் இந்தப் பக்கம் நகத்திக்கிட்டோம்."

கொஞ்சம்னா ஒம்பது அடி. சர்வேயர் பாதி விளையாட்டா, "சர்வே கல்ல நகத்துறது குத்தம் பாட்டி, 1923 சட்டமே இருக்கு"ன்னார். பாட்டி ஈரச் சேலைய முறுக்கிக்கிட்டே, "எனக்கு எம்பத்தோரு வயசு, புடிச்சிட்டுப் போ, அங்க துணி தொவைக்க கல்லு இருக்கான்னு மட்டும் கேட்டுச் சொல்லு"ன்னுச்சு.

எல்லாரும் சிரிச்சோம். எனக்கு சிரிப்பு பாதிலயே நின்னுபோச்சு, ஏன்னா மூலை படிக்கட்டு நடுவுல விழுந்தா என்ன அர்த்தம்? ரோட்டுல இருந்து மொத்தம் 38 படி, அதுல கீழ 14 படி பாட்டி பட்டாவுல இருக்கு. நம்ம பத்திரத்துல நாலு பக்க எல்லையும் சொல்ற செக்குபந்தில "கிழக்கு: நடைபாதை"ன்னு அழகா எழுதியிருக்கு, ஆனா அந்தப் பாதைல நடக்க யாரு பாத்தியம் குடுத்தாங்கன்னு ஒரு வரி கிடையாது. வில்லங்கத்துல பதிவானதுதான் வரும், பதிவே பண்ணாத படிக்கட்டு எங்க வரும். லாயருக்கு போன் போட்டேன். இருபது வருஷம் தடையில்லாம நடந்திருந்தா 1882 ஈஸ்மெண்ட் சட்டப்படி வழி உரிமை கேக்கலாம், ஆனா கோர்ட்டுக்குப் போய் நிரூபிக்கணும், அதவிட பாட்டி கிட்ட பாதை உரிமைய எழுதி ரிஜிஸ்டர் பண்ணிக்கிறது மேல்னார். பாட்டி மட்டும் போட்டா பத்தாது, அது அவங்க வீட்டுக்காரர் சொத்து, பாகம் பிரிக்கல, திருப்பூர் மகனும் பெங்களூர் மகளும் சேந்து கையெழுத்து போடணும்.

விக்கிறவருக்கு வந்துச்சே கோவம். "நாப்பது வருஷமா இல்லாத பிரச்சனைய ஒரே நாள்ல டேப் வச்சு அளந்து கொண்டாந்துட்டீங்களே சார்!" ஒரு விதத்துல அவர் சொல்றதும் சரிதான், நாங்க சின்ன வயசுல எத்தன பேர் வீட்டு வாசல் வழியா ஸ்கூலுக்கு ஓடியிருப்போம், யாரு பாத்தியம் கேட்டா. ஆனா நாளைக்கு அந்த திருப்பூர் மகன் பதினாலாவது படில ஒரு கேட் போட்டா எங்கம்மா பறந்தா வருவாங்க? நல்லவேளை, அட்வான்ஸ் ரெண்டு லட்சம்தான், செக்ல குடுத்தது. கனடாலன்னா அட்வான்ஸ டிரஸ்ட் அக்கவுண்ட்ல, அதாவது யாரும் தொடாத தனிக் கணக்குல, வச்சிருப்பாங்க, இங்க நேரா விக்கிறவர் கைக்குப் போகுது, திரும்பி வாங்குறது நம்ம ஜாதகம். பாதைப் பத்திரம் ரிஜிஸ்டர் ஆன பிறகுதான் மீதிப் பணம்னு அக்ரிமெண்ட்ல ஒரு வரி சேக்க வச்சேன், மொறைச்சுக்கிட்டேதான் கையெழுத்து போட்டார்.

நடுவுல மாமா இன்னொரு வேலையும் பாத்தார். மழை விட்ட மறுநாள் காலைல தடுப்புச்சுவர்ல விட்டிருக்குற ஓட்டையெல்லாம் தண்ணி கக்குதான்னு பாக்கக் கூட்டிட்டுப் போனார். கக்குனா நல்லது, கக்கலன்னா தண்ணி சுவருக்குப் பின்னாடி மண்ணுல ஊறி நிக்குதுன்னு அர்த்தமாம். 2009 நவம்பர்ல மலை சரிஞ்சு நாப்பது பேருக்கு மேல போனத நேர்ல பாத்தவர், சும்மா சொல்ல மாட்டார். நம்ம சுவர் கக்குச்சு. மேல இன்னும் ரெண்டு மாடி போட்டு ஹோம்ஸ்டே விடலாம்னு புரோக்கர் சொன்னதுக்கும் அவர்தான் பதில் சொன்னார், நீலகிரில 7 மீட்டருக்கு மேல தூக்க முடியாதுடா, போய் வேற வேலையப் பாருன்னு.

கிளம்புறதுக்கு மொத நாள் பாட்டி கூப்பிட்டு விட்டுச்சு. மகன் பொங்கலுக்கு வரானாம், மகளும் வராளாம், கையெழுத்து போட்டுக்கலாமாம், ஆனா துவைக்கிற கல்ல எடுத்துட்டீங்கல்ல, வேற கல்லு வேணுமாம். புதுக்கல்லு கீழ இருந்து வாங்கி, ரெண்டு ஆள் வச்சு 14 படி தூக்கி, எல்லாம் சேத்து 2300 ரூபா ஆச்சு. பழைய கல்ல சர்வேயர் சொன்ன மூலைல, படி ஓரமா, மாமா சிமெண்ட் வச்சே நட்டார்.

நேத்து அம்மா வீடியோ கால்ல காமிச்சாங்க. புதுக்கல்லு ரொம்ப வழவழன்னு இருக்காம், அழுக்கே போகலையாம். பாட்டி படியேறி வந்து எங்க தென்கிழக்கு மூலைக் கல்லு மேல ஒரு போர்வையப் போட்டு அடிச்சிட்டு இருக்கு, பக்கத்துப் படில சோப்பு டப்பா.