தட்டின் இடது பாதி: நட்டாலிசுமாப் நிறுத்தி எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு

தட்டில் இடது பக்கச் சோறு அப்படியே இருந்தது. "பசிக்கவில்லையா அக்கா?" என்று கேட்டேன். "எல்லாம் சாப்பிட்டுவிட்டேனே" என்றாள். தட்டைத் திருப்பி வைத்தேன். மிச்சத்தைப் பார்த்து அவளே திகைத்துப்போனாள். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்எஸ்), அதாவது உடலின் காவல் அணுக்களே மூளை, முதுகுத்தண்டு நரம்புகளின் உறையைத் தாக்கும் நோய்க்கு நட்டாலிசுமாப் என்ற மருந்தை ஏற்றத் தொடங்கி அது மூன்றாவது ஆண்டு.

முதலில் மருந்தின் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இந்த நோய் மிகுந்த நாடுகளில் கனடாவும் ஒன்று. டொராண்டோவில் இருக்கும் அக்காவுக்கு ஆண்டுக்கு இரண்டு முறையாவது கால் விழுந்துவிடும். நான்கு வாரத்துக்கு ஒருமுறை 300 மில்லிகிராம், ஒரு மணி நேர டிரிப். அது தொடங்கிய பின் ஒரு தாக்குதல்கூட வரவில்லை. பஸ்ஸுக்கு ஓடினாள் என்றால் நம்புவீர்களா?

வெள்ளணுக்கள் மூளைக்குள் நுழையாமல் வாசலை அடைப்பதுதான் இம்மருந்தின் வேலை. நரம்பைக் கடிக்கும் அணுக்களோடு காவலுக்குப் போகவேண்டியவையும் வெளியே நின்றுவிடுகின்றன. நம்மில் பாதிப் பேருக்கு மேல் உடலில் சும்மா கிடக்கும் ஜேசி வைரஸ் அப்போது மூளையில் பெருகலாம். அந்தத் தொற்றுக்கு பிஎம்எல் என்று பெயர். இதனால்தான் 2005இல் மருந்தை விற்பனையிலிருந்து எடுத்து, 2006இல் கடும் கண்காணிப்போடு மீண்டும் அனுமதித்தார்கள்.

மருத்துவமனையில் முதலில் பழைய நோயின் தாக்குதல் என்றே நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தார்கள். இரண்டு வாரம் வீண். பழைய தாக்குதல் சில நாட்களில் உச்சத்துக்குப் போகும். இதுவோ வாரக்கணக்கில் ஊர்ந்தது. பார்வையில் பாதி இழப்பு, பேச்சுத் தடுமாற்றம், குணமாற்றம். முதுகுத்தண்டு நீரில் வைரஸ் தெரிந்த பிறகுதான் நட்டாலிசுமாப்பை நிறுத்தி, உடலில் மிச்சமிருந்ததை வெளியேற்ற இரத்தத்தின் பிளாஸ்மாவை (அணுக்கள் நீங்கிய நீர்ப்பகுதியை) ஐந்து முறை மாற்றினார்கள். வைரஸைக் கொல்ல நிரூபணமான மருந்து கிடையாது.

இனித்தான் மோசமான கட்டம். வாசல் திறந்ததும் வெள்ளணுக்கள் மொத்தமாக உள்ளே பாய்ந்தன. மூளை வீங்கியது, வலிப்பு வந்தது. மறுபடியும் ஸ்டீராய்டு, இந்த முறை தேவையான ஸ்டீராய்டு. இத்தொற்று வந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இறந்துபோகிறார் என்பதை எனக்கு அப்போது யாரும் சொல்லாததற்கு நன்றி.

எட்டு ஆண்டுகள் ஆகின்றன. வைரஸ் போய்விட்டது, வடு போகவில்லை. இடப்பக்கப் பார்வை திரும்பவே இல்லை, கார் ஓட்டுவதில்லை. வலிப்புக்கு லெவெடிராசெட்டம், காலையும் இரவும். கணக்கு வழக்கை என்னிடம் தந்துவிட்டாள். வங்கி மேலாளரையே மிரட்டியவள் அவள்! எம்எஸ்ஸுக்கு இப்போது கிளாட்டிராமர் ஊசி. வீரியம் குறைவுதான், ஆனால் எங்களுக்குத் தூக்கம் வருகிறது. சாப்பிடும்போது பாதியில் தானே தட்டைச் சுற்றிக்கொள்கிறாள்.

நட்டாலிசுமாப் ஏற்றுகிறவர்கள் ஜேசி எதிர்ப்புரதக் குறியீட்டு எண்ணை (வைரஸுக்கு எதிராக உடல் உண்டாக்கிய புரதம் இரத்தத்தில் எவ்வளவு என்று காட்டும் எண்) கேட்டு வாங்கி வீட்டில் எழுதி வையுங்கள். முதலில் வைரஸ் இல்லை என்று வந்திருந்தாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதிக்கச் சொல்லுங்கள். எண் 1.5ஐத் தாண்டி, மருந்தும் இரண்டு ஆண்டைக் கடந்தால் ஆபத்து ஏறுகிறது. அக்காவின் கோப்பில் அந்த எண் ஓராண்டுக்கு முன்பே இருந்தது. நாங்கள் அதைப் பார்த்தது எல்லாம் முடிந்த பிறகு.