பறவை வலை வாங்கி 10 மாதம்: மேலே சரி, கீழே கோட்டைவிட்டேன்

காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் வீட்டுக் கொல்லையில் 12 சிறுவிடை நாட்டுக்கோழியும் ஒரு சேவலும் இருக்கின்றன. போன வருஷம் சித்திரையில் ஒரு அடையில் 11 குஞ்சு பொரித்து, ஒரு மாதம் முடிவதற்குள் மூன்றுதான் மிஞ்சியது. காலையில் வெயில் ஏறினால் மாமரத்துக்கு மேலே கள்ளப்பருந்து வட்டம் போடும், தாய்க்கோழி ஒரு மாதிரி இழுத்துக் கேரும், குஞ்சுகள் ஓடிப்போய் இறக்கைக்குள் புகுந்துகொள்ளும். பருந்தாவது வருவது தெரியும். வல்லூறு அப்படி இல்லை, மரத்துக்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்து தாழப் பறந்து வந்து அடித்துவிட்டுப் போய்விடும், கோழி கத்துவதற்குள் வேலை முடிந்துவிடும்.

பழைய சிடி கட்டித் தொங்கவிட்டேன், நாலு நாள் பயந்தது, ஐந்தாம் நாள் அந்தக் கம்பத்தின் மேலேயே உட்கார்ந்தது. குஞ்சுக்கு ரோஸ் கலர் அடித்தால் பருந்து தொடாது என்று அத்தை சொன்னதையும் செய்து பார்த்தேன். கலர் குஞ்சும் போனது.

கடைசியில் ஆடி மாதம் கிருஷ்ணகிரி டவுனில் ஒரு வலைக்கடையில் பச்சை நைலான் பறவை வலை வாங்கினேன். 20 அடிக்கு 20 அடி, ஒரு இஞ்ச் கண்ணி, 1,900 ரூபாய். கிருஷ்ணகிரி அணையில் மீன் பிடிப்பவர்களிடம் பழைய வலை சும்மாவே கிடைக்கும் என்றார்கள், அதையும் போய்ப் பார்த்தேன், பாதி இடம் கிழிசல், கண்ணியும் பெரிது. சரி, காசு போனால் போகட்டும் என்று புதுசே வாங்கிவிட்டேன்.

மேலே அடிப்பவனுக்கு இந்த வலை நூற்றுக்கு நூறு. கட்டிய நாளிலிருந்து ஒரு குஞ்சைக்கூடப் பருந்தோ வல்லூறோ காக்காயோ எடுக்கவில்லை. காக்காயை நாம் கணக்கிலேயே வைப்பதில்லை, ஆனால் பொரித்து இரண்டு மூன்று நாளான குஞ்சுக்கு அதுவும் எமன்தான். கம்பம் மட்டும் 7 அடிக்குக் குறையாமல் நடுங்கள். நான் 5 அடியில் சவுக்குக் கம்பு நட்டுவிட்டு இன்றைக்கும் முதுகை வளைத்துக்கொண்டுதான் தீனி போடுகிறேன். ஐப்பசி மழையில் ஈர மாவிலை சேர்ந்து வலை தொட்டில் மாதிரி தொங்கியது, நடுவில் ஒரு ஜிஐ கம்பி இழுத்துக் கட்டிய பிறகுதான் நின்றது.

ஆனால் வலை போட்டு மூன்றாம் வாரம் ஒரே பகலில் இரண்டு பெட்டைக் கோழி போனது. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். அதுவரை எது காணாமல் போனாலும் பருந்தைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். மேலே அடைத்த பிறகும் போகிறதே என்று பார்த்தால், இரண்டும் அங்கேயே கிடந்தன, கழுத்தில் கடி, உடம்பு அப்படியே இருந்தது. குஞ்சென்றால் பருந்து முழுசாகத் தூக்கிக்கொண்டு போய்விடும், வளர்ந்த கோழியை அதனால் தூக்கவே முடியாது. இது கீரி. "மேலயே பாத்துக்கிட்டு இருந்தா கீழ வர்றவன் தின்னாம என்னடா பண்ணுவான்" என்று அம்மா சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை.

பக்கவாட்டில் நான் போட்டிருந்தது அறுகோணக் கண்ணி கோழி வலை. பெயர்தான் கோழி வலை, கோழி வெளியே போகாமல் இருக்கத்தான் அது லாயக்கு. நாய் இழுத்தால் பிரிந்துவிடும், அதன் அடியில் கீரி மண்ணைப் பறித்துக்கொண்டு வந்துவிடும். இதை வாங்கும்போது கடைக்காரர் "இது போதும்ணா, எதுவும் வராது" என்றார். இப்போது கீழே மூன்றடி அகலத்தில் அரை இஞ்ச் வெல்டு மெஷ் கம்பி வலை போட்டிருக்கிறேன், அதில் ஒரு அடியை வெளிப்பக்கம் மடக்கித் தரையில் படுக்கவைத்து மேலே கல்லும் மண்ணும் போட்டாயிற்று. பறிக்க வருகிறவன் வேலியோரம்தான் பறிப்பான், அங்கே கம்பி தட்டும், விட்டுவிட்டுப் போய்விடுவான். வலையைவிட இதற்குத்தான் இரண்டு மடங்கு செலவு. ராத்திரி எல்லாவற்றையும் கூண்டில் அடைத்துத் தாழ்ப்பாள் போடுகிறேன், காட்டுப்பூனையிடமிருந்து காப்பாற்ற வேறு வழி கிடையாது.

செத்த கோழியில் பயிருக்குப் போடும் குருணைப் பூச்சிமருந்தைத் தடவி வை, கீரி தின்று சாகும் என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொன்னார். வேண்டவே வேண்டாம். கீரியும் பருந்தும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை, அதற்கும் முன்னால் அதைத் தின்று சாகப்போவது நம் வீட்டு நாய்தான்.

வலையில் இன்னொரு குறை. மிச்சம் இருந்ததைத் தரையில் சுருட்டிப் போட்டிருந்தேன், அதில் ஒரு சாரைப்பாம்பு மாட்டிக்கொண்டு கிடந்தது. மச்சான் வாலைப் பிடிக்க நான் கத்திரியால் ஒவ்வொரு இழையாக வெட்டி எடுக்க அரை மணி நேரம் ஆனது. நல்லவேளை பிழைத்துப் போனது. வலையைத் தரையில் புரளவிடாதீர்கள்.

5க்கு 4 கொடுப்பேன், பருந்துக்கு மட்டும் என்றால். வெயில் படும் பக்கம் இழை இப்போதே கொஞ்சம் வெளுத்திருக்கிறது, இன்னும் இரண்டு வருஷம் வந்தால் பெரிது. வாங்கும்போது கடையிலேயே விரித்துக் காட்டச் சொல்லுங்கள். எனக்குக் கொடுத்ததில் ஒரு ஓரத்தில் கயிறே கோக்கவில்லை, வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன், திரும்பப் போய்க் கேட்டதற்கு "அப்படித்தான்ணா வரும்" என்று முடித்துக்கொண்டார்.