லாட்ஜ் வைஃபைக்கு மைக்ரோடிக் ஹாட்ஸ்பாட்: நெடுநாள் ஓட்டியதில் தெரிந்தவை

முப்பது நாற்பது அறை கொண்ட லாட்ஜ் அல்லது விடுதியின் வைஃபைக்கு லாகின் பக்கம் வைக்க மைக்ரோடிக் நிறுவனத்தின் ஹெக்ஸ் ரூட்டர் தாராளம். ஆர்பி750ஜிஆர்3 மாடலில் ஐந்து கிகாபிட் போர்ட், 256 எம்பி ரேம், லெவல் 4 லைசென்ஸ் (எத்தனை பேர் வரை என்பதை முடிவு செய்யும் மென்பொருள் உரிமம்). ஹாட்ஸ்பாட்டில், அதாவது லாகின் பக்கம் காட்டி உள்ளே விடும் ஏற்பாட்டில், ஒரே நேரத்தில் 200 பேர் வரை இருக்கலாம். பெட்டியைக் குறை சொல்ல அதிகம் இல்லை. புகார்கள் கிளம்புவது பெரும்பாலும் 'ஹாட்ஸ்பாட் செட்அப்' விஸார்டு முடிந்ததும் வேலையே முடிந்தது என்று எழுந்து போவதால்தான். விஸார்டு போட்டுவிட்டுப் போகும் மதிப்புகள் லேப்டாப் காலத்தவை. இன்று வருகிறவர்கள் எல்லாரும் போனோடு வருகிறார்கள்.

முதலில் வைஃபை சிக்னல் கொடுக்கும் ஆக்சஸ் பாயின்ட்டுகள். வீட்டு ரூட்டரை வாங்கி மாடியில் மாட்டினால் அது ரூட்டராகவே வேலை செய்யும்; அதன் பின்னால் இருக்கும் அத்தனை போனும் மைக்ரோடிக்கின் கண்ணுக்கு ஒரே மேக் அட்ரஸ் (கருவியின் அடையாள எண்), ஒரே ஐபி (நெட் முகவரி). ஒருவர் லாகின் செய்தால் அந்த மாடி முழுக்கத் திறந்துவிடும். அதை ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றி, டிஹெச்சிபியை (ஐபி வழங்கும் வேலையை) அணைத்து, கேபிளை லேன் போர்ட்டில் செருக வேண்டும். வயர்லெஸ் எக்ஸ்டென்டர் இன்னும் வம்பு. பல எக்ஸ்டென்டர்கள் பின்னாலிருக்கும் போன்களைத் தங்கள் மேக் அட்ரஸிலேயே அனுப்புகின்றன. ஹாட்ஸ்பாட்டில் 'அட்ரஸஸ் பெர் மேக்' இயல்பாக 2. மூன்றாவது போனுக்குப் பக்கமே வராது. சிக்னல் மட்டும் முழுசாகக் காட்டும். எண்ணிக்கையை ஏற்றிச் சமாளிக்கலாம் என்றாலும், கேபிள் இழுப்பதே நல்லது. ஒரு போன் இன்னொரு போனை அணுகாமல் தடுக்கும் கிளையன்ட் ஐசொலேஷனையும் போட்டுவிடுங்கள்.

சர்வர் அமைப்பில் 'அட்ரஸ் பூல்' இடத்தில் 'நன்' வையுங்கள். டிஹெச்சிபி கொடுத்த ஐபிக்கு மேல் ஹாட்ஸ்பாட் இன்னொரு ஐபியை மாற்றிக் கொடுப்பதை அது நிறுத்தும். ஹோஸ்ட்ஸ் பட்டியலில் ஒரே போன் இரண்டு வரியாக நிற்காது. ஐபியைக் கையால் போட்டு வைத்திருக்கும் லேப்டாப் மட்டும் நுழையாது. அந்த இழப்பு பரவாயில்லை. சிசிடிவி ரெக்கார்டர், பில் போடும் கணினி, ஆக்சஸ் பாயின்ட்டுகள் ஆகியவற்றை 'ஐபி பைண்டிங்'கில் 'பைபாஸ்டு' என்று சேர்த்துவிட்டால் அவை லாகின் கேட்காது.

அதிகம் கேட்கும் புகார்: "வைஃபை கனெக்ட் ஆகுது, பேஜ் வரல." போன் நெட்டில் சேர்ந்ததும் ஒரு சோதனை முகவரியைத் தட்டிப் பார்க்கும். ஆண்ட்ராய்டு 204 என்ற வெற்றுப் பதிலை எதிர்பார்க்கும். ஆப்பிள், 'சக்சஸ்' என்ற ஒரு சொல் இருக்கும் பக்கத்தை எதிர்பார்க்கும். வேறு ஏதாவது வந்தால்தான் "இங்கே லாகின் இருக்கிறது" என்று புரிந்துகொண்டு பக்கத்தைத் திறக்கும். யாரோ வசதிக்காக கூகுள் முகவரிகளை மொத்தமாக வால்டு கார்டனில் (லாகின் இல்லாமலே திறக்கும் தளங்களின் பட்டியலில்) சேர்த்திருப்பார்கள். சோதனை தேறிவிடும், போனும் நெட் இருக்கிறது என்று நம்பிவிடும், பக்கம் வராது. வால்டு கார்டனில் உங்களுக்குத் தேவையான இரண்டு மூன்று முகவரிகள் போதும். ஹெச்டிடிபிஎஸ் தளங்களை 'வால்டு கார்டன் ஐபி' பட்டியலில் சேருங்கள். அங்கே நட்சத்திரக் குறி (*) செல்லாது, முழுப் பெயர் வேண்டும்.

ஹெச்டிடிபிஎஸ் பக்கத்தைப் பிடித்து லாகினுக்குத் திருப்ப முயல வேண்டாம். சான்றிதழ் எச்சரிக்கை வரும், விருந்தினர் பயந்து ரிசப்ஷனுக்கு வருவார். நேரான வழி 2020இல் வந்த ஆர்எஃப்சி 8910 என்ற இணையத் தரநிலை சொல்வது: டிஹெச்சிபி ஆப்ஷன் 114 வழியே, இங்கே லாகின் இருப்பதைச் சொல்லும் ஒரு முகவரியைப் போனுக்குக் கொடுப்பது. ஆண்ட்ராய்டு 11, ஐஓஎஸ் 14 முதல் இது புரியும். அந்த முகவரி ஹெச்டிடிபிஎஸ் ஆகவும், சான்றிதழ் உண்மையானதாகவும் இருக்க வேண்டும். லெட்ஸ் என்க்ரிப்ட் தரும் இலவசச் சான்றிதழ் என்றால் வழக்கமாக 90 நாள்தான் செல்லும். புதுப்பிக்கும் ஏற்பாட்டை முதல் நாளே செய்துவிடுங்கள்.

அடுத்தது நேர மதிப்புகள். பதில் சொல்லாத போனை வெளியேற்றும் 'கீப்அலைவ் டைம்அவுட்' யூசர் ப்ரொஃபைலில் இயல்பாக 2 நிமிடம். போன் திரை அணைந்து தூங்கினால் ரூட்டரின் அழைப்புக்குப் பதில் சொல்லாது. இரண்டு நிமிடத்தில் லாகவுட். எடுத்துப் பார்த்தால் மறுபடி பாஸ்வேர்டு கேட்கும். சரி, இரண்டு மணி நேரமாக ஏற்றினால்? ஒரே யூசர் பெயரில் எத்தனை கருவி என்பதைச் சொல்லும் 'ஷேர்டு யூசர்ஸ்' 1 என்றிருக்கும். போனை வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறப்பவருக்கு, பழைய செஷன் உயிரோடு இருப்பதால், இனி செஷன் அனுமதி இல்லை என்று வரும். எங்கள் பரிந்துரை: கீப்அலைவ் 20 நிமிடம், ஷேர்டு யூசர்ஸ் 2 அல்லது 3, 'லாகின் பை'யில் மேக் குக்கீ (மேக் அட்ரஸை வைத்துப் போனை நினைவில் வைப்பது), அதன் ஆயுள் 3 நாள். போன் விழித்ததும் கேட்காமலே உள்ளே வந்துவிடும்.

மேக் குக்கீக்கும் எல்லை உண்டு. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் ஒரு பொய் மேக் அட்ரஸைக் காட்டுகின்றன. பெயர் மாறாதவரை பெரும்பாலும் அதே மேக்தான் நீடிக்கும். ஆகவே மாடிக்கொரு வைஃபை பெயர் வைக்காதீர்கள். மூன்று பெயர் என்றால் ஒரே போன் மூன்று ஆளாக வந்து நிற்கும். ஐஓஎஸ் 18இல், பாஸ்வேர்டு இல்லாத திறந்த வைஃபையில் மேக் அட்ரஸ் சுமார் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாறும். மாதக்கணக்கில் தங்கும் விடுதியில் இது தெரியவரும். வைஃபைக்கே ஒரு எளிய பாஸ்வேர்டு வைத்து, அதற்கு மேல் லாகின் வைப்பது இதற்கும் நல்லது, ஒட்டுக்கேட்பதற்கும் தடை. டிஹெச்சிபி வரம்பையும் 254 முகவரியோடு நிறுத்தாமல் /22 (சுமார் ஆயிரம் முகவரி) ஆக்கிவிட்டால் முகவரி தீரும் கவலை இல்லை.

வேக வரம்பு வேலை செய்யவில்லை என்றால் ஃபயர்வாலில் 'ஃபாஸ்ட்ட்ராக்' விதி இருக்கிறதா என்று பாருங்கள். அதில் போகும் இணைப்புகள் வேகத்தைக் கட்டுப்படுத்தும் க்யூவைத் தொடாமலே தாண்டிவிடும். அணைத்துவிடுங்கள். வரம்பு எழுதும்போது முதல் எண் ரூட்டர் வாங்குவது, அதாவது விருந்தினரின் அப்லோடு. 2எம்/10எம் என்றால் அப்லோடு 2, டவுன்லோடு 10.

யூசர் கணக்குகளை நிர்வகிக்கும் மைக்ரோடிக்கின் 'யூசர் மேனேஜர்' லெவல் 4இல் 20 செஷன்தான் தாங்கும். 200 என்று படித்துவிட்டு வாங்குகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். ரூட்டரிலேயே யூசர்களை எழுதலாம், அல்லது பழைய கணினியில் ஃப்ரீரேடியஸ் (லாகினைச் சரிபார்க்கும் ரேடியஸ் சர்வர் மென்பொருள்) போடலாம். அப்படியானால் 1812, 1813 போர்ட்டுகள் திறந்திருக்க வேண்டும். ஆளைத் துண்டிக்க 3799. சர்வர் வெளியூரில் இருந்தால் ரேடியஸ் 'டைம்அவுட்'டை 3 நொடியாக ஏற்றுங்கள். இயல்பு மதிப்பு ஒரு நொடிகூட இல்லை. பாஸ்வேர்டை ஹாஷாக (திருப்பி எடுக்க முடியாத குறியீடாக) சேமித்திருந்தால், பாஸ்வேர்டை நேராக அனுப்பாமல் சரிபார்க்கும் சாப் முறை தேறாது. சாப்புக்கு சர்வரில் அசல் பாஸ்வேர்டு வேண்டும். அங்கே ஹெச்டிடிபிஎஸ் பக்கத்தோடு, பாஸ்வேர்டை அப்படியே அனுப்பும் பாப் முறையைப் போடுங்கள். ரேடியஸில் டேட்டா அளவு 32 பிட் எண், 4 ஜிபிக்கு மேல் ஒரே எண்ணில் அடங்காது. 10 ஜிபி கொடுக்க கிகாவேர்ட்ஸ் (எத்தனை 4 ஜிபி என்ற எண்) 2, மீதிக்கு 2147483648 பைட்.

ஓடிபி வழியே லாகின் கொடுக்க ஆசைப்படுகிறவர்கள் எஸ்எம்எஸ் அனுப்பும் பெயருக்கும் வாசகத்துக்கும் டிஎல்டி (தொலைபேசி நிறுவனங்களின் எஸ்எம்எஸ் பதிவேடு) பதிவு செய்ய வேண்டும். லாட்ஜில் எப்படியும் அடையாள அட்டை வாங்கித்தான் அறை கொடுக்கிறோம். ரிஜிஸ்டரில் அறை எண்ணோடு வவுச்சர் (லாகின் சீட்டு) எண்ணையும் எழுதிவிட்டால் யார் என்பது தெரிந்துவிடும்.

லாக் பதிவுகளை ரூட்டரின் நினைவில் விடாதீர்கள். இயல்பாக 1000 வரிதான், மின்சாரம் போனால் அதுவும் போச்சு. இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் உத்தரவு 180 நாள் பதிவு கேட்கிறது. யுடிபி 514 போர்ட் வழியே தனிக் கணினிக்கு அனுப்புங்கள். ரூட்டரில் கடிகார பேட்டரி கிடையாது. கரண்ட் வந்ததும் என்டிபி மூலம் நெட்டிலிருந்து சரியான நேரம் பிடிக்கும்வரை தேதி தப்பாகவே ஓடும், அந்த இடைவெளியில் விழும் வரிகளில் யார் எப்போது உள்ளே வந்தார் என்று தேட முடியாது. ரூட்டரையும் ஃபைபர் பெட்டியையும் ஒரே சின்ன யுபிஎஸ்ஸில் போடுங்கள். ஃபைல்ஸ் பட்டியலில் 'ஃப்ளாஷ்' ஃபோல்டர் இருந்தால் லாகின் பக்கத்தின் கோப்புகளை அதற்குள் வையுங்கள். வெளியே வைத்தால் ரீபூட்டில் காணாமல் போகும்.