உப்புக்காற்றில் மூன்று வருடம்: அம்மா வீட்டில் எது தாங்கியது

அம்மாவுக்கு 78 வயது. மண்டபத்தில் கடலுக்குப் பக்கத்திலேயே வீடு, தனியாகத்தான் இருக்கிறார். "மதுரைக்கு வந்துடுங்கம்மா" என்றால், "இங்க காத்து இருக்கு தம்பி" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். மூன்று வருடத்துக்கு முன்பு குளியலறையில் வழுக்கி மணிக்கட்டு முறிந்தது. அதற்கப்புறம்தான் ஒவ்வொன்றாக வாங்கிப் பொருத்தினேன்.

முதலில் குளியலறைக் கைப்பிடிக் கம்பி. பளபளவென்று முலாம் பூசிய இரும்புக் கம்பி மாட்டினேன். கச்சான் காற்றுக் காலம் ஒன்று போனதும் திருகுகளைச் சுற்றிப் பழுப்பாக வழிந்தது. கம்பி உறுதியாகத்தான் தெரிந்தது. கழற்றிப் பார்த்தால், சுவருக்குள் இருந்த திருகு பாதிக்கு மேல் அரித்து ஊசி போல இருந்தது. அம்மா தினமும் முழு எடையையும் அதில்தான் கொடுத்துக்கொண்டிருந்தார். அன்று எனக்கு உடம்பே நடுங்கிவிட்டது.

கடற்கரை வீட்டுக்கு 316 கிரேடு எவர்சில்வர் கேளுங்கள். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 304-இல், உப்பு அரிப்பைத் தாங்க உதவும் மாலிப்டினம் என்ற உலோகம் கிடையாது, உப்புப் பட்டால் புள்ளி புள்ளியாகத் துரு வரும். 316-இல் அது 2 முதல் 3 சதவீதம் உண்டு. விலை அதிகம்தான். திருகும் அதே கிரேடாக இருக்கட்டும். எந்த உயரத்தில் பொருத்துவது? அம்மாவை உட்காரவைத்து எழச் சொன்னேன். கை தானாகப் போன இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டோம். இரண்டு வருடமாக அசையவில்லை. வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் துடைக்கிறார்.

வழுக்காத மிதியடி எங்களுக்குச் சரிப்படவில்லை. போர் தண்ணீரின் உப்பு தரையில் வெள்ளையாகப் படிகிறது, மிதியடிக்கு அடியில் தரையைப் பிடிக்கும் உறிஞ்சுக் கிண்ணங்கள் ஒட்டுவதில்லை. சொரசொரப்பான டைல்ஸே போட்டுவிட்டேன்.

கழுத்தில் மாட்டும் அவசர அழைப்புக் கருவி பணத்துக்குப் பிடித்த கேடு. குளிக்கப் போகும்போது கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார். விழுந்ததே அங்கேதான்! சார்ஜ் போடவும் மறப்பார். பதிலுக்கு ஒரு வயர்லெஸ் காலிங் பெல் வாங்கி, பொத்தானைக் குளியலறைச் சுவரில் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஒட்டினேன். விழுந்து கிடந்தாலும் எட்டும். மணி அடிப்பது பக்கத்து வீட்டு அக்கா வீட்டில். போன ஐப்பசியில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டபோது இந்த மணிதான் அக்காவைக் கூட்டிவந்தது. அவரிடம் ஒரு சாவி உண்டு, குளியலறைத் தாழ்ப்பாளையும் வெளியிலிருந்து திறக்கும்படி மாற்றியிருக்கிறோம். இவை இல்லாமல் மணி மட்டும் அடித்துப் பயனில்லை. வாங்கும்போது, மணியும் பேட்டரியில் ஓடுவதாகப் பாருங்கள். பிளக்கில் செருகுவது கரண்ட் போனால் ஊமை.

ஆள் நடமாட்டத்துக்கு எரியும் இரவு விளக்கு அருமை. கட்டிலிலிருந்து கால் இறங்கியதும் வெளிச்சம் வரும். பேட்டரி முனைகளில் பச்சை பூக்கும், மாதம் ஒருமுறை சுரண்டித் துடைக்க வேண்டும். ஃபோன் பக்கத்தில் 108, முதியோர் உதவி எண் 14567 இரண்டையும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

இப்போது வாசல் படிக்கும் ஒரு கம்பி வேண்டுமாம், அம்மாவே கேட்டார். வருகிற ஞாயிறு சாக்பீஸோடு போகிறேன்.