திருப்பத்தில் காற்றுக் குடிக்கும் எஞ்சின்: 16 அடி அலுமினியப் படகோடு ஆறு கோடைகள்

போன கிழமை தெரிந்த தம்பி ஒருவர் தொலைபேசியில் கேட்டார். "அண்ணை, உங்களிட்ட இருக்கிற அதே படகு, அதே எஞ்சின். விலையைக் குறைச்சுப் போட்டிருக்கிறாங்கள். எடுக்கலாமோ?" ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் முடிக்க எனக்கு வரவில்லை. அரை மணித்தியாலம் கதைத்தேன். அதில் முக்கால்வாசி நேரமும் போனது ஒரே விஷயத்துக்குத்தான்: படகைத் திருப்பும்போது புரொப்பெல்லர் காற்றை இழுப்பது. அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

ரிவெட் அடித்த 16 அடி உடல், 40 குதிரைவலு நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்ட் (படகின் பின்பலகையில் வெளியே பூட்டுகிற எஞ்சின்), அதில் தண்ணீருக்குள் இறங்குகிற 20 அங்குலக் கால். 2019 வசந்தத்தில் புதிதாக எடுத்தேன். ஓடுவது பெரும்பாலும் ஒன்ராறியோவின் சிம்கோ ஏரியில், தெற்கே குக்ஸ் பே பக்கம். நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சின்னக் காரே இழுத்துப் போகும். ஒரு நாள் முழுக்க மீன் பிடித்தாலும் பெற்றோல் செலவு உறுத்தாது. ஆறு வருடத்தில் இரண்டு ரிவெட் மட்டும்தான் கசிந்தது. எஞ்சின் ஒரு காலைகூட என்னை ஏமாற்றியதில்லை.

ஆனால் திருப்ப முடியாது. அதாவது, வேகத்தில் தண்ணீருக்கு மேலே எழுந்து ஓடிக்கொண்டிருக்கிற படகைக் கொஞ்சம் இறுக்கமாகத் திருப்பினால், பாதித் திருப்பத்தில் எஞ்சின் திடீரென்று அலறும். நிமிடத்துக்கு 4800இல் இருந்த சுற்று ஒரு நொடியில் 6000ஐத் தாண்டும். படகோ முன்னே போகாமல் பொத்தென்று உட்காரும். மெதுவாக்கி நேராக்கினால் மறுபடி தண்ணீரைப் பிடிக்கும்.

முதல் கோடையில் இது என் ஓட்டத்தின் பிழை என்றுதான் நினைத்தேன். விற்ற கடையில் சொன்னேன். "அலுமினியப் படகு என்றால் திருப்பத்தில் இப்படித்தான், மெதுவாகத் திருப்புங்கள்" என்றார்கள். அதை நம்பி இரண்டு கோடை ஓட்டினேன்.

இரண்டாவது கோடையில் ஒரு ஞாயிறு, ஜோர்ஜினா தீவுக்குப் போய்த் திரும்பி வருகிறோம். மகள் முன்னால் அணியத்தில் இருக்கிறாள், அப்போது ஒன்பது வயது. பெரிய உல்லாசப் படகு ஒன்று குறுக்கே போய் அலையைக் கிளப்பிவிட்டது. அலையைச் சாய்வாக எடுக்கலாம் என்று இடப்பக்கம் திருப்பினேன். எஞ்சின் அலறியது, படகு உட்கார்ந்தது. உட்கார்ந்த படகை அதன் சொந்த அலையே பின்னால் துரத்தி வந்து, பின்பலகைக்கு மேலால் உள்ளே கொட்டியது. தூண்டில் பெட்டி மிதந்து என் காலில் முட்டியது. மகள் இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சத்தமே இல்லாமல் என்னைப் பார்த்தாள். உயிர்காப்பு அங்கி போட்டிருந்தாள், கரையும் தூரமில்லை, ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அந்தப் பார்வையை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

அன்று கூட வந்த மச்சான் ஊரில் ஃபைபர் படகு ஓட்டியவன். "எஞ்சின் காத்துக் குடிக்குது" என்றான். சரியான சொல் அதுதான். எனக்குத்தான் அது பிந்தி விளங்கியது, ஏனென்றால் இதைப் பற்றிக் கதைக்கிற எல்லாரும் 'கேவிட்டேஷன்' என்கிறார்கள். கேவிட்டேஷன் வேறு. அழுத்தம் மிகவும் குறைந்த இடத்தில் தண்ணீரே ஆவியாகிக் குமிழாகும். அந்தக் குமிழ் உடையும்போது உலோகத்தை அரித்துப் புள்ளி புள்ளியாகக் குழி போடும். என் புரொப்பெல்லரில் ஒரு குழிகூட இல்லை. என்னுடையது வென்டிலேஷன்: மேலேயிருந்து காற்றோ, எஞ்சினின் புகையோ இலைகளுக்குள் இழுபடுவது. காற்றின் அடர்த்தி தண்ணீரின் எண்ணூறில் ஒரு பங்குதான். தள்ளுவதற்கு எதுவும் இல்லாவிட்டால் புரொப்பெல்லர் சும்மா சுழலும்.

திருப்பத்தில் மட்டும் ஏன்? பின்பக்கம் தட்டையான அலுமினிய உடல் திரும்பும்போது வெளிப்பக்கமாகச் சறுக்கும். ஆழமான வீ வடிவ அடி உள்ள படகு அந்தளவு சறுக்காது. சறுக்கும்போது உயர்ந்து நிற்கும் விளிம்புக்கு அடியால் காற்றும் நுரையும் நுழையும். என் படகில் அடியின் நடுவே ஏரா (நீளவாக்கில் துருத்தி நிற்கும் முதுகெலும்பு போன்ற பகுதி) ஒன்றும் பின்பலகை வரை ஓடுகிறது. அதைக் குறுக்கே கடக்கிற தண்ணீர் குழம்பிப்போய் நேரே புரொப்பெல்லருக்குள்தான் போகிறது.

மூன்றாவது கோடையில் ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினேன். புரொப்பெல்லருக்குள் இருக்கிற றப்பர் புஷ் வழுக்கினாலும் இதே சத்தம்தான் வரும். அதனால் நடுக்குழலிலும் வெளி உடலிலும் ஒரே நேராக வெள்ளைப் பெயின்ட் கோடு இழுத்துவிட்டு ஓடினேன். கரைக்கு வந்து பார்த்தால் கோடு அப்படியே நேராக இருந்தது. புஷ்ஷில் பிழையில்லை. புரொப்பெல்லரின் பின்விளிம்பில் புகையை அப்பால் தள்ளுகிற விரிந்த வளையமும் உடையாமல் இருந்தது.

அப்புறம் ஒன்றைக் கவனித்தேன். இடப்பக்கத் திருப்பத்தில் தொல்லை அதிகம். இடப்பக்கம் திரும்பினால் படகு வலப்பக்கமாகச் சறுக்கும். அப்போது வலப்பக்கத்தில் உள்ள எதன் நுரையும் எஞ்சினை நோக்கித்தான் போகும். குனிந்து பார்த்தால், மீன் காட்டும் கருவியின் சென்சரைக் கடையில் எஞ்சின் காலுக்குப் பக்கத்திலேயே, வலப்பக்கத்தில் பூட்டியிருக்கிறார்கள். புரொப்பெல்லரின் நடுவிலிருந்து 15 அங்குலமாவது தள்ளி வைக்க வேண்டிய பொருள் அது. கழற்றித் தள்ளி வைத்தேன். இடமும் வலமும் சமமானது. ஆனால் இரண்டு பக்கமும் இன்னும் காற்றுக் குடித்தது.

நான்கு இலைப் புரொப்பெல்லர் வாங்கினேன். திருப்பத்தில் நான்கு இலை நன்றாகப் பிடிக்கும் என்பது உண்மைதான், வித்தியாசம் தெரிந்தது. ஆனால் அதே பிட்ச்சில் (ஒரு சுற்றுக்குப் புரொப்பெல்லர் முன்னேறுகிற கணக்கு) எடுத்ததால் உச்சச் சுற்று 5700இலிருந்து 5400க்கு இறங்கிவிட்டது. என் எஞ்சினின் கையேடு 5500இலிருந்து 6000 வரை கேட்கிறது. ஆகவே பிட்ச் ஓர் அங்குலம் குறைந்த இன்னொன்று. இரண்டு புரொப்பெல்லருக்குக் காசு போயும் இறுக்கமான திருப்பத்தில் அலறல் நிற்கவில்லை. புரொப்பெல்லருக்கு மேலே கூரைபோல் நிற்கிற தகட்டில் பூட்டுகிற பிளாஸ்டிக் செட்டைகளையும் சிலர் சொன்னார்கள். தகட்டில் துளை போட எனக்கு மனம் வரவில்லை.

கடைசியில் ஒக்டோபரில், படகைக் குளிருக்கு மூடி வைப்பதற்கு முன், வீட்டு முற்றத்தில் வைத்து அளந்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. நேரான நான்கு அடிப் பலகை ஒன்றைப் படகின் அடியில், ஏராவுக்குப் பக்கத்தில் ஒட்டிப் பிடித்து, பின்னால் எஞ்சின் கால் வரை நீட்டினேன். அந்தக் கூரைத் தகட்டைப் படகின் அடிக்குச் சமாந்தரமாக வருமாறு ட்ரிம் செய்துகொண்டேன், அதாவது எஞ்சின் காலின் சாய்வைச் சரிசெய்தேன். அந்தத் தகடு படகின் அடியோடு ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். சில படகுகளுக்கு ஓர் அங்குலம் உயர்த்தியும் வைப்பார்கள். என்னுடையது ஒன்றே முக்கால் அங்குலம் மேலே நின்றது. மூன்று தரம் அளந்தேன், மூன்று தரமும் அதே கணக்கு.

பின்பலகையைப் பிடிக்கிற எஞ்சின் தாங்கியில் மேல் போல்ட்டுகளுக்கு வரிசையாகத் துளைகள் இருக்கும், ஒன்றுக்கொன்று முக்கால் அங்குல இடைவெளியில். என் எஞ்சினை இரண்டு துளை உயர்த்திப் பூட்டியிருக்கிறார்கள். ஏன் என்று கடையில் கேட்டேன். உயர்த்தினால் வேகம் கூடும் என்றார்கள். கூடும்தான், கால் தண்ணீரில் குறைவாக இழுபடும். நேராக மட்டும் ஓடுகிறவனுக்கு அது போதும். இரண்டு வருடம் ஒருவன் வந்து திருப்ப முடியவில்லை என்று சொல்லும்போது, ஒரு அளவு நாடாவை எடுத்துப் பார்க்க அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குச் சரியான கோபம்.

வேலை சிறியது. எஞ்சின் நூறு கிலோவுக்குக் கிட்ட, அதனால் நண்பரின் கராஜில் சங்கிலிக் கப்பியில் பாரத்தைத் தொங்கவிட்டு, கீழ்ப் போல்ட்டுகளைத் தளர்த்தி, மேல் போல்ட்டுகளைக் கழற்றி, இரண்டு துளை இறக்கினோம். போல்ட் போகிற இடமெல்லாம் படகுக்கான சீலன்ட் நிறையப் பூசினோம். அலுமினியத்தில் துருப்பிடிக்காத எஃகு போல்ட் நேரடியாகத் தொட்டு, இடையில் தண்ணீரும் நின்றால் அலுமினியம்தான் அரிபடும். முடிந்தபோது தகடு அடியைவிடக் கால் அங்குலம் மட்டும் மேலே.

அடுத்த மே மாதம் தண்ணீரில் இறக்கினேன். முதலில் நேராக ஓடிக்கொண்டே பின்னால் எட்டிப் பார்த்தேன். தகட்டின் மேல் மெல்லிய தண்ணீர் வழுக்கிப் போனது. பிறகு முக்கால் த்ரொட்டிலில் இடப்பக்கம் முழுதாக ஒடித்தேன். சத்தம் மாறவே இல்லை. படகு சாய்ந்து, சறுக்கி, சுற்றி வந்தது. வலப்பக்கமும் அப்படித்தான். உச்ச வேகம் ஜிபிஎஸ்ஸில் மணிக்கு 46 கிலோமீற்றரிலிருந்து 45க்கு வந்தது. அவ்வளவுதான் இழப்பு.

பழைய மூன்று இலையைத் திரும்பப் போட்டும் பார்த்தேன், உண்மை தெரியவேண்டும் என்று. மிக இறுக்கமான திருப்பம் தவிர எல்லாவற்றிலும் அது பிடித்தது. நான்கு இலையில் படகு குறைந்த வேகத்திலும் எழுந்தே நிற்கிறது, அதனால் அதையே வைத்திருக்கிறேன். திருப்பத்துக்கு முன் ட்ரிம்மை முழுதாக உள்ளே இறக்குவதும் பழக்கமாகிவிட்டது. வெளியே தள்ளிய ட்ரிம்மோடு திருப்பினால் எந்த உயரத்தில் பூட்டிய எஞ்சினும் காற்றைத் தேடும்.

அதற்குப் பிறகு ஒரு தரம்கூட அலறவில்லை. மகளே இப்போது ஓட்டுகிறாள். விலையும் குறைந்திருக்கிறது. இத்தனையும் சொல்லிவிட்டுத் தம்பியிடம் "எடுக்காதையும்" என்றேன். அது நியாயமில்லை என்று எனக்கே தெரியும். பிழை படகில் இல்லை, பூட்டியவர்களிடம். ஆனால் அந்த மாடலின் பெயரைக் கேட்டாலே தண்ணீர் பின்னால் கொட்டிய சத்தம்தான் எனக்கு முதலில் வருகிறது. அந்த மனநிலையில் எனக்கு வேறு பதில் வராது.

அவர் என் சொல்லைக் கேட்கவில்லை. சனிக்கிழமை பார்க்கப் போகிறாராம், நானும் கூடப் போகிறேன். நான்கு அடிப் பலகையையும் அளவு நாடாவையும் காரில் எடுத்து வைத்துவிட்டேன். தகடு எங்கே நிற்கிறது என்று பார்க்காமல் அவரைக் காசு கட்ட விடமாட்டேன்.