பல் கூச்சத்துக்கு ரூட் கெனாலா? இலவச முகாம்களில் கவனம்

குளிர்ந்த தண்ணீர் பட்டால் பல் கூசுகிறது என்று சொன்ன என் அம்மாவுக்கு, தாம்பரம் பக்கம் ஒரு தனியார் பல் கிளினிக்கில் மூன்று பற்களுக்கு ரூட் கெனாலும், பல்லின் மேல் மாட்டும் உறையான கேப்பும் எழுதிக் கொடுத்தார்கள். ஒன்றைச் செய்தும் முடித்துவிட்டார்கள். கூச்சம் மட்டும் அப்படியே இருந்தது.

எல்லாம் எங்கள் குடியிருப்பில் நடந்த இலவசப் பரிசோதனை முகாமில் ஆரம்பித்தது. சின்ன கேமராவை வாய்க்குள் விட்டு, கடைவாய்ப் பல்லின் பள்ளத்தில் இருந்த கறுப்புக் கோட்டைத் திரையில் பெரிதாகக் காட்டி, "சொத்தை வேர் வரைக்கும் போயிடுச்சும்மா, விட்டா சீழ் பிடிச்சிரும்" என்றார்கள். அம்மா பயந்துவிட்டார். கிளினிக்குக்குப் போனால் டாக்டர் பேசியதைவிட வரவேற்பில் இருந்தவர் பேசியதுதான் அதிகம். மூன்று பல்லுக்கு 36,000 ரூபாய், இன்றே முன்பணம் கட்டினால் தள்ளுபடி, மாதத் தவணையும் உண்டாம்.

எந்தப் பல் கூசுகிறது என்று யாருமே சோதிக்கவில்லை. எனக்கு ஆத்திரம் அதில்தான். ரூட் கெனால் என்று முடிவு செய்யும் முன், குளிர்ந்த பஞ்சை ஒவ்வொரு பல்லாக வைத்துப் பார்ப்பார்கள், தட்டிப் பார்ப்பார்கள், வேர் நுனி தெரிகிற சின்ன எக்ஸ்ரே எடுப்பார்கள். அம்மாவுக்கு எடுத்தது ஒரே ஒரு முழு வாய் எக்ஸ்ரே. அதன் நகலையும் தரவில்லை.

ரூட் கெனால் என்பது பல்லுக்குள் இருக்கும் நரம்பை எடுத்துவிடுவது. நரம்பு போன பல் குளிருக்குக் கூசாது. கேப் போட்ட பிறகும் அம்மா மோர் குடிக்கும்போது முகத்தைச் சுளித்தார் என்றால், கூசியது அந்தப் பல்லே இல்லை. போய்க் கேட்டதற்கு, "அதுக்குத்தான் மத்த ரெண்டையும் சேர்த்துப் பண்ணச் சொன்னோம்" என்று பதில் வந்தது. சாமர்த்தியத்தைப் பாருங்கள்!

அப்புறம் சென்னைக் கோட்டை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். கூட்டம்தான், காலையிலேயே போய்விடுங்கள். அங்கிருந்த இளம் டாக்டர் ஒவ்வொரு பல்லிலும் காற்றை ஊதியே கண்டுபிடித்துவிட்டார். கேப் போட்ட பல்லுக்கு முன்னால் இருக்கிற பல்லில் ஈறு இறங்கி, அதன் ஓரத்தில் ஆப்பு வடிவில் தேய்ந்திருந்தது. பல்லின் கெட்டியான மேல் அடுக்கான எனாமல் போய், அதற்கு அடியில் இருக்கும் டென்டின் வெளியே தெரிந்தால், அதிலுள்ள நுண்ணிய குழாய்களுக்குள் இருக்கும் திரவம் குளிருக்கு அசையும். நரம்பு சுரீர் என்கும். அம்மா கெட்டியான பிரஷ்ஷால் பக்கவாட்டில் பரபரவென்று தேய்ப்பவர். பள்ளத்தை அடைத்துவிட்டு, மென்மையான பிரஷ்ஷும் 5 சதவீதம் பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பேஸ்ட்டும் எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் பேஸ்ட் ஒரே நாளில் வேலை செய்யாது, 2 முதல் 4 வாரம் விடாமல் தேய்க்க வேண்டும். இப்போது கூச்சம் நன்றாகக் குறைந்திருக்கிறது. முகாமில் சொத்தை என்று காட்டிய மற்ற இரண்டு பற்களிலும் இருந்தது வெறும் கறை.

கேப்புக்காக ராவிய பல் போனது போனதுதான், எனாமல் திரும்ப வளராது. பில்லில் சிர்கோனியா (பீங்கான் மாதிரியான கெட்டிப் பொருள்) கேப் என்று போட்டிருக்கிறார்கள். வாரன்டி கார்டு கேட்டால் "லேப்ல இருந்து வரும்" என்கிறார்கள்.

அதற்காக எந்தக் கூச்சத்தையும் கண்டுகொள்ள வேண்டாம் என்று சொல்லவில்லை. குளிர் விலகியதும் சில நொடிகளில் அடங்கிவிட்டால் பெரும்பாலும் நரம்பு நன்றாக இருக்கிறது. அதன் பிறகும் வலி நின்று விண்விண்ணென்று தெறித்தாலோ, சூடு பட்டு வலித்தாலோ, ராத்திரி தூக்கத்தில் தானாக வலி எழுப்பினாலோ கதை வேறு. அதற்குப் பேஸ்ட் போதாது, ரூட் கெனால் உண்மையிலேயே தேவைப்படலாம்.

எக்ஸ்ரே நகலும் சிகிச்சைக் குறிப்பும் கேட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறோம். வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, 2 ஆண்டுக்குள் போட வேண்டும். உங்கள் குடியிருப்பில் இப்படி முகாம் நடந்து முன்பணம் கட்டியிருந்தால், பில்லைத் தொலைத்துவிடாதீர்கள்.