கினி பிக் கண்ணில் நீர் வடிந்தால்: சலைனா, மெடிக்கல் ஷாப் சொட்டா, வேப்பேரியா?

கினி பிக்குக்கு ஒரு கண் பாதி மூடி, ஓரத்தில் பீளை கட்டி, கன்னத்து முடி நனைந்திருந்தால் வீட்டில் ஆளுக்கொரு யோசனை வரும். பாட்டி நந்தியாவட்டைப் பூவைத் தேடுவார். அண்ணன் மெடிக்கல் ஷாப்புக்குக் கிளம்புவார். அம்மா, ‘ரெண்டு நாள் பார்ப்போமே’ என்பார். சென்னையில், வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரி வரை, நமக்குக் கைக்கெட்டும் வழிகளில் எது உதவும், எது கெடுக்கும் என்று பார்த்துவிடலாம்.

அதற்கு முன் ஒரு விஷயம். முகம் கழுவும்போது கினி பிக்கின் கண்ணில் பால் போல வெள்ளைத் திரவம் ஊறும். முன்னங்கால்களால் அதை எடுத்து முகமெல்லாம் தேய்த்துக்கொள்ளும், கொஞ்ச நேரத்தில் கண் தெளிந்துவிடும். இது நோயே இல்லை. மஞ்சளாகவோ பச்சையாகவோ கெட்டியாக நின்றால், காய்ந்து இமை ஒட்டிக்கொண்டால், வெளிச்சத்தைப் பார்க்கக் கூசினால்தான் கவலை.

நந்தியாவட்டை, பன்னீர், தாய்ப்பால், விளக்கெண்ணெய் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்: வேண்டாம். எதுவும் கிருமி நீக்கப்பட்டதல்ல. கருவிழியில் கீறல் இருந்தால் கிருமிக்கு நாமே கதவைத் திறந்துவிட்டது போலாகும்.

மருந்துக்கடையில் கிடைக்கும் 0.9 சதவீத சலைன், அதாவது கிருமி நீக்கிய உப்பு நீர், வேறு ரகம். தூசி விழுந்த கண்ணுக்கு அதுவே போதும். குட்டியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, சுத்தமான பஞ்சை நனைத்து பீளை மேல் சிறிது நேரம் வையுங்கள். ஊறியதும் மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒரே இழுப்பில் துடையுங்கள். அடுத்த கண்ணுக்கு வேறு பஞ்சு. காய்ந்த பீளையை நகத்தால் பிய்க்கவே கூடாது. தூசிதான் காரணம் என்றால் அன்றைக்கே கண் தெளியும். மறுநாளும் நீர் வடிந்தால் சலைனின் வேலை முடிந்தது, இனி அது வெறும் துப்புரவுக்குத்தான். தொற்றையோ, குத்தி நிற்கும் புல் துணுக்கையோ அது குணப்படுத்தாது.

நம் ஊரில் அதிகம் பேர் போகிற வழி மெடிக்கல் ஷாப் சொட்டு. என் கணக்கில் எல்லாவற்றிலும் ஆபத்தானது இதுதான், சும்மா இருப்பதைவிட மோசம். ‘கண் சிவப்பு’ என்று சொன்னாலே பல கடைகளில் ஆன்டிபயாடிக்கும் ஸ்டீராய்டும் கலந்த சொட்டை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். அட்டையைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், ப்ரெட்னிசோலோன், ஃப்ளூரோமெத்தலோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. கருவிழியில் புண் இருக்கும் கண்ணில் அதை விட்டால் புண் ஆறாது, ஆழமாகும், ஓட்டையே விழலாம். கொடுமை என்னவென்றால் சிவப்பு மட்டும் சட்டென்று குறையும். மருந்து கேட்கிறது என்று நம்பித் தொடர்ந்து விடுவோம், அடியில் கண் போய்க்கொண்டிருக்கும். கினி பிக் அடிக்கடி கண் சிமிட்டாத பிராணி, வலியையும் மறைக்கும். நமக்குத் தெரிய வரும்போது காலம் கடந்திருக்கும்.

ஸ்டீராய்டு இல்லாத வெறும் ஆன்டிபயாடிக் சொட்டு அந்த அளவுக்குக் கெடுக்காதுதான். ஆனால் காரணம் பல்லில் இருந்தால் அது என்ன செய்யும்? கினி பிக்கின் பற்கள் ஆயுள் முழுக்க வளர்பவை. மேல் கடைவாய்ப் பல்லின் வேர் மேலேறிக் கண்ணீர்க் குழாயை அழுத்தினாலும் கண்ணில் நீர் வடியும், விழி பிதுங்கவும் செய்யும். இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன்: வீட்டில் பிள்ளைக்கு வாங்கி மிச்சமிருக்கும் அமாக்ஸிசிலின் சிரப்பை வாய்வழியாகக் கொடுத்துவிடாதீர்கள். குடலில் இருக்கும் நல்ல கிருமிகள் அழிந்து, நச்சு உண்டாக்குபவை பெருகிக் குட்டி செத்தே போகும். பென்சிலின் வகை முழுக்க அப்படித்தான், கிளிண்டாமைசினும் அப்படித்தான்.

ஆகவே டாக்டர். பக்கத்து கிளினிக்கா, வேப்பேரியா? பெரும்பாலான கிளினிக்குகள் நாய், பூனை பார்ப்பவை. அது குறையல்ல. போன் செய்து இரண்டு கேள்வி கேளுங்கள்: ‘கினி பிக் பார்ப்பீங்களா சார்? கண்ணுக்கு ஃப்ளோரசின் சாயம் வெச்சு டெஸ்ட் பண்ணுவீங்களா?’ ஆரஞ்சு நுனி கொண்ட சின்னக் காகிதப் பட்டை அது. சலைனில் நனைத்து இமையின் உள்பக்கம் தொடுவார்கள். பிறகு கண்ணைக் கழுவி, அறையை இருட்டாக்கி நீல விளக்கை அடித்தால், கருவிழியில் கீறல் உள்ள இடம் மட்டும் பளிச்சென்று பச்சையாக ஒளிரும். சில நிமிட வேலை. எந்தச் சொட்டு என்பதை முடிவு செய்ய வேண்டியது அந்தப் பச்சைதான். இரண்டுக்கும் ஆமாம் என்று பதில் வந்தால் பக்கத்து கிளினிக்கே மேல், அலைச்சல் குறைவு.

இல்லையென்றால் வேப்பேரி. 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி அங்கேதான் இருக்கிறது. செலவு தனியாரைவிடக் குறைவு, எக்ஸ்ரே எடுக்கவும் அறுவைக்கும் அங்கேயே ஆளும் கருவியும் உண்டு. விழி பிதுங்கியிருந்தாலும், கருவிழி திடீரென்று வெளுத்திருந்தாலும், பல் மேல் சந்தேகம் இருந்தாலும் நான் கிளினிக்கில் நேரத்தைக் கழிக்காமல் நேரே அங்கேதான் போகச் சொல்வேன். ஆனால் கூட்டம் அதிகம், சுற்றிலும் நாய்கள் குரைக்கும். சத்தத்துக்குக் குட்டி மிரளும் என்பது ஒன்று. நாய்களின் மூச்சில் இருக்கக்கூடிய போர்டெடெல்லா கிருமி கினி பிக்குக்கு நிமோனியா வரை கொண்டுபோகும் என்பது அதைவிட முக்கியம். கூடையை மெல்லிய துணியால் மூடி, தரையில் வைக்காமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசியில் காலையிலேயே கிளம்பிவிடுங்கள், இந்தப் பிராணி முப்பது டிகிரியையே தாங்காது. உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூடையில் ஒரு பக்கம் வைக்கலாம். போகிற வழியில் தின்னப் புல்லும் இருக்கட்டும். சாப்பாட்டை நிறுத்திவிட்டால் அது கண்ணைவிடப் பெரிய அவசரம், அன்றைக்கே காட்ட வேண்டும்.

கண் கெடுவதற்கு முந்தைய தேர்வு ஒன்று இருக்கிறது: புல். வைக்கோல் மலிவு, ஆனால் விறைப்பானது. தண்டு நுனி கண்ணில் குத்தும், சத்தும் இல்லை. பெட் ஷாப்பில் விற்கும் டிமோத்தி புல் நல்லது, விலைதான் கை கடிக்கும். குத்திவிடும் என்று பயந்து புல்லையே நிறுத்துபவர்கள் உண்டு. அப்போது பல் தேயாமல் வளர்ந்து, கடைசியில் அதே கண்ணில் வந்து முடியும். டிமோத்தியைக் கொஞ்சமாக வாங்கி, உதறித் தூசி போக்கி, அதோடு அருகம்புல்லும் சேர்த்துப் போடுவதே நம் ஊருக்குச் சரி. கூண்டுக்கு மரத்தூளைவிட, தினமும் மாற்றும் பருத்தித் துணி மேல். மூத்திர நெடியே கண்ணை எரிக்கும்.

வைட்டமின் சி குறைந்தாலும் கண் பீளை கட்டும், ஏனென்றால் நம்மைப் போலவே கினி பிக்கின் உடம்பும் அதைத் தயாரிக்காது. எடையில் கிலோவுக்குத் தினம் 10 முதல் 30 மில்லிகிராம் வேண்டும். தண்ணீரில் கலக்கும் சொட்டு வெளிச்சத்திலேயே வீரியம் இழக்கும், எவ்வளவு குடித்தது என்றும் தெரியாது. அதற்கு மாற்றாகக் குடைமிளகாயில் ஒரு துண்டு, இல்லையென்றால் நெல்லிக்காயில் சின்னக் கீற்று. அருகம்புல்லைத் தெருவோரத்தில் பறிக்காமல், தெரிந்த இடத்தில் வாங்கி, நன்றாக அலசி ஈரம் வடிந்த பிறகு கொடுங்கள்.